பட்ட மரத்தில் சிவப்புச் சீட்டு

அன்புள்ள தினேஷ்,

நீ போனில் ரெண்டே ரெண்டு வரி கேட்டாய். "காரணம்னு ஒரு கட்டம் இருக்குதும்மா. நீ சொல்லு, நான் எழுதிக்கிறேன். ரெண்டு வரி போதும்" என்றாய். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன், அதற்குள் உனக்கு வேறு போன் வந்துவிட்டது. வைத்த பிறகு உட்கார்ந்து யோசித்தேன். கொத்தமல்லி வாங்கிய கதையைக்கூட நான் அரை மணி நேரம் சொல்லுவேன் என்று உன் அப்பா கேலி செய்வார். கல்யாணம் ஆன புதிதிலிருந்து ஓய்வு பெறும் நாள் வரை பழகிய மரங்களைப் பற்றி ரெண்டு வரியில் சொல் என்றால் நான் எங்கே போவேன். அதனால் நீளமாகவே எழுதுகிறேன். கேன்டீன் வாசலில் இருக்கும் பலகையில் இதை ஒட்டினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. யார் படித்தாலும் புரியட்டும் என்று உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்லுவேன், பொறுத்துக்கொள்.

விஷயம் இதுதான். நான் வேலை பார்த்த கம்பெனியிலேயே நீ இப்போது பராமரிப்புப் பிரிவு என்ஜினியர். பாகலூர் ரோட்டுப் பக்கம் இருக்கும் அந்தக் கம்பெனியின் பின்வேலியை ஒட்டி ஒரு மரக்கூட்டம் உண்டு. தொழிற்சாலை கட்டினால் இவ்வளவு இடத்தில் மரம் வைக்க வேண்டும் என்று விதி இருப்பதால் வைத்தது. காகிதத்தில் அதற்குக் கிரீன் பெல்ட் என்று பெயர், நாங்கள் காடு என்போம். அங்கே மூன்று குல்மோகர் மரங்கள் பட்டுப்போய் நிற்கின்றன. பக்கத்தில் ஒரு வாகை விழுந்து கிடக்கிறது. நான்கிலும் நீ ரெட் டேக் கட்டியிருக்கிறாய். கம்பெனியில் வேலை பார்க்காதவர்களுக்கு அது என்னவென்று தெரியாது. வேலையிடத்தில் உபயோகமில்லாமல் கிடக்கும் பொருளில் ஒரு சிவப்புச் சீட்டைக் கட்டித் தொங்கவிடுவோம். 'இது வேண்டும், இன்ன காரணம்' என்று யாராவது எழுதிக் கொடுத்தால் பொருள் இருக்கும். யாரும் கேட்காவிட்டால் ஸ்கிராப் யார்டுக்குப் போகும். கால் உடைந்த நாற்காலிக்கும் எரிந்துபோன மோட்டாருக்கும் கட்டிப் பார்த்திருக்கிறேன், மரத்துக்குக் கட்டி இப்போதுதான் பார்க்கிறேன். ஆயுத பூஜைக்கு முன்னால் கெடு முடிகிறது. அதற்குள் காரணம் போய்ச் சேராவிட்டால் ரம்பம் வந்துவிடும் என்று நீயே சொன்னாய்.

நான் அந்தக் காட்டுக்குள் போனது மரத்தின் மேல் இருந்த ஆசையால் இல்லை. எனக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. பம்புக்குள் போகும் சின்னச் சின்ன பாகங்களை லென்சுக்கு அடியில் வைத்து, கீறல் இருக்கிறதா, பிசிறு இருக்கிறதா என்று நாள் முழுக்கப் பார்க்க வேண்டும். மத்தூரிலிருந்து வந்து வேலையில் சேர்ந்த கொஞ்ச காலத்திலேயே தலைவலி ஆரம்பித்துவிட்டது. கண் டாக்டர், "சாப்பாட்டு நேரத்துல தூரமா பச்சையைப் பாருங்கம்மா" என்றார். பச்சை என்று எங்கள் கம்பெனியில் இருந்தது அந்தப் பின்வேலி ஓரம்தான். டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு அங்கே போவேன். டாக்டர் சொன்ன மாதிரி தூரமாகப் பார்த்திருந்தால் ஒரு வம்பும் இல்லை. லென்சில் பழகிய கண் கிட்டத்தில் இருப்பதைத்தான் பார்த்தது. இலைக்கு அடியில் என்ன, பட்டையில் என்ன ஓடுகிறது என்று பார்த்துப் பார்த்து, தலைவலி போனதோ இல்லையோ, பூச்சி பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது.

அப்போது அது காடே இல்லை. பாறையும் சரளையுமாக இருந்த இடத்தில் குழி வெட்டி, முழங்கால் உயரக் கன்றுகளை நட்டிருந்தார்கள். குல்மோகர், வாகை, புங்கன், கல்யாண முருங்கை, வேலி ஓரமாகக் கொஞ்சம் வேலங்கன்று. கன்றுக்கும் கன்றுக்கும் நடுவில் எல்லாம் வெயில். மழை பெய்தால் புல் இடுப்புக்கு வளரும், ஆவாரையும் எருக்கும் தாமாக முளைக்கும். மஞ்சள் பட்டாம்பூச்சி கூட்டம் கூட்டமாக வரும். எருக்கின் இலைக்கு அடியில் வரிபோட்ட புழு தொங்கும். கால் வைத்த இடத்தில் எல்லாம் வெட்டுக்கிளி தெறிக்கும். குடும்ப நாள் விழாவுக்கு உன்னைக் கூட்டிப்போனபோது நீ வேலங்கன்றில் பொன்வண்டு பிடித்து என் டிபன் பாக்ஸில் போட்டு மூடிவிட்டாய். தயிர்சாதம் சாப்பிடத் திறந்தால் பச்சையும் தங்கமுமாக அது உட்கார்ந்திருந்தது. என் இன்ஸ்பெக்‌ஷன் சிநேகிதிகள் அதை வெகுநாள் சொல்லிச் சிரித்தார்கள். உனக்குப் பட்டாம்பூச்சி என்றால் அம்மா, அம்மா என்றால் பட்டாம்பூச்சி என்று மனதில் பதிந்தது அந்தக் காலத்தில்தான் என்று நினைக்கிறேன்.

நீ ஐந்தாவது ஆறாவது போகிற சமயத்தில் மரங்கள் ஒன்றோடொன்று கை கோத்துவிட்டன. மேலே பந்தல் போட்ட மாதிரி நிழல். புல் செத்தது, ஆவாரை செத்தது, மஞ்சள் பட்டாம்பூச்சியும் போய்விட்டது. எனக்கு மனசே ஆறவில்லை. ஒரு நாள் சாயங்காலம் உன் அப்பாவிடம் குறைபட்டுக்கொண்டேன். அவர் புதுக்கோட்டைப் பக்கத்து ஆள், எதையும் அலட்டிக்கொள்ள மாட்டார். "காடு பெரிய மனுசனாயிருச்சுடி. அரை டிராயர் போட்ட காலத்துக் கூட்டாளியெல்லாம் இப்ப வருவானா? அங்கிட்டு வேற ஆளு வந்திருப்பான், போயிப் பாரு" என்றார். அவர் கேலிக்குச் சொன்னாரோ நிஜமாகச் சொன்னாரோ, போய்ப் பார்த்தேன். வந்துதான் இருந்தார்கள். காய்ந்த இலை மேல் காய்ந்த இலை போலவே உட்கார்ந்து, வெளிச்சம் மங்கும்போது மட்டும் தாழப் பறக்கிற பழுப்புப் பட்டாம்பூச்சி வந்திருந்தது. புங்கன் இலைகளை ஒன்றோடொன்று தைத்து முசிறு எறும்பு வீடு கட்டியிருந்தது. பிறகு ஒரு கோடையில், எங்கிருந்தோ ரம்பம் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம் கிளம்பியது. பம்ப் ரூமில் பேரிங் போய்விட்டது என்று நினைத்துப் பராமரிப்பு ஆட்கள் எண்ணெய் டப்பாவோடு ஓடினார்கள், அதே பிரிவில் இருந்த உன் அப்பாவும்தான். சில்வண்டு. அதன் குஞ்சு பூமிக்கு அடியில் வேரை உறிஞ்சிக்கொண்டு வருஷக்கணக்கில் இருந்துவிட்டுத்தான் மேலே வரும் என்று நீதான் உன் அறிவியல் புத்தகத்தைப் பார்த்து எனக்குச் சொன்னாய். மரம் வேர் விட்டு நிலைத்த பிறகுதான் அது வர முடியும். மஞ்சள் பட்டாம்பூச்சியே போதும் என்று காட்டைக் கன்றாகவே வைத்திருந்தால் அது வந்திருக்காது.

இதை நம் வீட்டிலும் பார்த்தேன். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது வாசலில் எப்போதும் அரை டஜன் செருப்பு கிடக்கும், எல்லாம் உன் கூட்டாளிகளுடையது. நீ காலேஜுக்குக் கோயமுத்தூர் போனதும் வாசல் சுத்தமாகிவிட்டது. கொஞ்ச நாள் அழுதேன், பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் மேல் வீட்டுக் கன்னடக்காரம்மா ஊறுகாய்க் கிண்ணத்தோடு வர ஆரம்பித்தார், உன் அப்பாவின் சீட்டாட்டக்காரர்கள் வந்தார்கள். வீடு காலியாகவில்லை, ஆள் மாறியது. உனக்கும் நாளைக்கு இப்படி நடக்கும். அப்போது பழைய செருப்புகளைத் தேடி வாசலையே பார்த்துக்கொண்டிருக்காதே, யார் கதவைத் தட்டுகிறார்கள் என்று திறந்து பார்.

அந்தக் காட்டில் முதலில் செத்தது கல்யாண முருங்கைகள். ஒரு வருஷம் அதன் இலையெல்லாம் முடிச்சு முடிச்சாக வீங்கியது. ஒரு முடிச்சைப் பிரித்து லென்சில் பார்த்தால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு புழு. எள்ளைவிடச் சின்னக் குளவி ஒன்று முட்டையிட்டு வைத்த வேலை அது. அடுத்தடுத்து எல்லா முருங்கையும் பட்டுப்போயின. நான் அதோடு கதை முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் பட்ட மரத்தில்தான் கூட்டமே. மெத்தென்ற கட்டையில் கருவண்டு, விரல் நுழைகிற அளவுக்கு, உளி வைத்துச் செதுக்கியது போல வட்டமாகத் துளை போட்டது. பட்டைக்கு அடியில் கொழுத்த வெள்ளைப் புழு. தரையைத் தொடுகிற இடத்தில் கரையான். கரையானைத் தின்ன ஓணான், புழுவைக் கொத்த மரங்கொத்தி. ஒரு குளவி கொன்ற மரத்தில் இத்தனை பேர் பிழைத்தார்கள்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. நம் கம்பெனி ஆயுத பூஜையைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வாரம் முன்னாலிருந்தே மெஷினைத் துடைப்பது, தரைக்குப் பெயின்ட் அடிப்பது, ஃபைவ் எஸ் என்கிற ஒழுங்குமுறையில் எந்தப் பிரிவு முதல் பரிசு என்று போட்டி. அந்த வருஷம் கிரீன் பெல்ட்டையும் போட்டியில் சேர்த்துவிட்டார்கள். தோட்ட வேலைக்கு இருந்த முனிரத்னம்மாவை உனக்கு ஞாபகம் இருக்கும், பாகலூர்க்காரர், வீட்டில் தெலுங்கு, பேருந்தில் கன்னடம், எங்களோடு தமிழ். அவருக்குத் தரையில் ஒரு இலை கிடக்கக் கூடாது. "இலை கெடந்தா பாம்பு வந்துக்கினே இருக்கும் அக்கா. ஊட்ல குப்பையை வெச்சுக்கினு பூஜை பண்ணுவாங்களா?" என்பார். நியாயமான பேச்சுதானே, யார் மறுப்பார்கள். பட்ட முருங்கைகளை எல்லாம் வெட்டினோம், தரையைச் சலித்த மாவு மாதிரி பெருக்கினோம், எல்லாவற்றையும் குவித்துக் கொளுத்தினோம். மிச்ச மரங்களுக்கு இடுப்பு உயரத்துக்குச் சுண்ணாம்பும் காவியும் அடித்தோம். எங்களுக்குத்தான் முதல் பரிசு, ஆளுக்கொரு எவர்சில்வர் டப்பா. பக்தியோடும் சந்தோஷத்தோடும் செய்த காரியம் அது. அதனால்தான் அது தப்பு என்று தெரிய ஒரு வருஷமாயிற்று.

அடுத்த கோடையில் வெளிநாட்டு வாடிக்கையாளரிடமிருந்து புகார் வந்தது. பாகம் அனுப்பும் மரப்பெட்டிகளில் ஓட்டை. பேக்கிங் பிரிவுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். பெட்டிப் பலகையைத் திருப்பிப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. விரல் நுழைகிற வட்டத் துளை, கீழே பொடிப்பொடியாக மரத்தூள். குடியிருந்த மரத்தைக் கொளுத்தினால் கருவண்டு எங்கே போகும், கண்ணுக்குத் தெரிந்த காய்ந்த மரத்துக்குப் போயிற்று. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு மேனேஜர், "அதுக்கு என்ன மருந்து?" என்று மட்டும் கேட்டார். பெட்டி அடுக்கும் இடம் முழுக்க மருந்து அடித்தார்கள், பக்கத்து வேலி வரைக்கும் அடித்தார்கள்.

அந்த வேலியில்தான் முனிரத்னம்மா வருஷா வருஷம் பூசணிக்கொடி ஏற்றுவார். ஆயுத பூஜை அன்று கம்பெனி வாசலில் திருஷ்டி சுற்றி உடைக்கிற பூசணி அவர் கொடியில் காய்த்ததாகத்தான் இருக்கும், வேறு யாரும் கொண்டுவர அவர் விடமாட்டார். அந்த வருஷமும் கொடி நன்றாகத்தான் படர்ந்தது. பூ பூத்தது. பூவுக்கு அடியில் பிஞ்சு எட்டிப் பார்க்கும், ரெண்டு நாளில் மஞ்சளாகி வெம்பி விழும். காலையில் பூவுக்கு வருகிற கருவண்டும் இல்லை, தேனீயும் இல்லை. கடைசியில் ஓசூர் மார்க்கெட்டில் போய் வாங்கி வந்தார்கள். "என் கொடிக்கே யாரோ கண்ணு வெச்சுட்டாங்க அக்கா" என்று சொல்லி அவர் பூஜைப் பொரியைக்கூட வாங்காமல் வீட்டுக்குப் போய்விட்டார். மருந்தாலா, வண்டு இல்லாததாலா, ரெண்டும் சேர்ந்தா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் பூஜைக்காக நாங்கள் செய்த சுத்தம், பூஜைக்கே ஒரு பூசணி இல்லாமல் செய்துவிட்டது என்று எனக்கு அப்போதே தோன்றியது. முனிரத்னம்மாவிடம் சொல்ல மனசு வரவில்லை, பாவம்.

அப்புறம் பல வருஷம் காடு காவி வரிகளோடு சுத்தபத்தமாக நின்றது, எனக்குத்தான் அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. கொரோனா வந்து கம்பெனி மூடினபோதுதான் அது தப்பித்தது. பெருக்க ஆள் இல்லை, கொளுத்த ஆள் இல்லை. திறந்த பிறகும் பாதி ஆட்களோடு ஓடியதில் காட்டை யாரும் நினைக்கவில்லை. குல்மோகருக்கு ஆயுசு குறைவு, வயதாகி ஒவ்வொன்றாகப் பட்டுப்போனது. காற்றில் வாகை சாய்ந்தது. இலை மேல் இலை விழுந்து, நடந்தால் மெத்தை மாதிரி அமுங்கியது. ஓய்வு பெறுகிற வருஷத்தில், செகண்ட் ஷிப்ட் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் மின்மினி பார்த்தேன். கன்றாக இருந்த காலத்தில்கூட அங்கே நான் மின்மினி பார்த்ததில்லை. கருவண்டும் திரும்பி வந்துவிட்டது. பொந்தில் கொசுத்தேனீ மெழுகால் வாசல் கட்டியிருந்தது. முனிரத்னம்மாவின் மருமகள் இப்போது அதே வேலியில் கொடி ஏற்றுகிறாள், காய்க்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை ஓய்வு பெற்றவர்களைக் கம்பெனிக்கு அழைத்திருந்தீர்கள் அல்லவா, நீ என் தலையில் ஒரு ஹெல்மெட்டை வைத்துக் காட்டுக்குக் கூட்டிப்போனாய். போனில் ஒரு படம் காட்டினாய். வளைந்த பாதை, பூச்செடி, சிமென்ட் பெஞ்ச். "இங்க இருக்கறதெல்லாம் கிளியர் பண்ணிட்டு, மொத்தமா பட்டாம்பூச்சிப் பூங்காம்மா. நீ டிபன் பாக்ஸை எடுத்துட்டு வந்து உக்காருவியே, அதை நெனச்சுதான் போட்டேன். மேனேஜ்மென்ட்டும் ஓகே சொல்லிட்டாங்க" என்றாய். பெற்ற பிள்ளை இத்தனை வருஷம் கழித்து அம்மாவின் சாப்பாட்டு நேரத்தை ஞாபகம் வைத்திருக்கிறான் என்றால் யாருக்குத்தான் பெருமையாக இருக்காது. பக்கத்தில் பார்த்தால் குல்மோகரில் சீட்டு ஆடிக்கொண்டிருந்தது. 'பட்ட மரம், பயனற்றது' என்று உன் கையெழுத்து. அதனால்தான் தினேஷ், நான் உன் படத்தை விட்டுவிட்டு அந்தச் சீட்டையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வேண்டாம் என்று சொன்னால் உன் மனசு நோகும், சரி என்று சொன்னால் மரம் போகும். "ஏம்மா, புடிக்கலையா?" என்று நீ கேட்டாய். "புடிச்சிருக்குது, ஆனா இதை வெட்டாதே" என்றேன். உன் முகம் வாடியதைப் பார்த்தேன். "என்னாத்துக்குன்னு சொல்லும்மா. சும்மா வெட்டாதேன்னா நான் யார்கிட்ட போயி என்ன சொல்ல?" என்றாய். நீ கேட்டது சரிதான்.

பூங்கா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பட்டாம்பூச்சிக்கு வெயில் வேண்டும், புல் வேண்டும், எருக்கு வேண்டும். அதற்கு முன் கேட் பக்கம், லாரி நிற்கிற இடத்துக்கு அந்தப் பக்கம், ஒன்றுமில்லாத பொட்டல் கிடக்கிறதே, அங்கே போடு. பெஞ்சும் போடு, வந்து உட்காருகிறேன். பின்பக்கத்தைக் கிழவியாக இருக்க விடு. எல்லாவற்றையும் வெட்டிவிட்டு ஒரே நாளில் கன்று வைத்தால் மறுபடி எல்லாம் ஒரே வயது. ஒரே வயதுக் காட்டில் அந்த வயதுக்காரர்கள்தான் வருவார்கள். கன்றுக்கு வருகிறவர், நிழலுக்கு வருகிறவர், பட்ட கட்டைக்கு வருகிறவர் என்று மூன்று சாதி ஜனத்துக்கும் ஒரே காம்பவுண்டுக்குள் இடம் வைத்துக்கொள்ள உங்களுக்கு நிலம் இருக்கிறது. மரம் விழுந்து யாருக்காவது அடிபட்டால் என்ன செய்வது என்று கேட்டாய். அது உன் பொறுப்பு, அதில் நான் விளையாட மாட்டேன். பாதைப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிற கிளைகளை எடு, உச்சியைக் குறை. அடித்தண்டு நிற்கட்டும், வெட்டிய கட்டை அங்கேயே கிடக்கட்டும், சுற்றி ஒரு கயிறு கட்டி ஆட்களை உள்ளே விடாதே. கரையான் ஸ்டோருக்கு வந்துவிடாதா என்றும் கேட்டாய். அதற்கு எனக்குப் பதில் தெரியாது. சம்பளம் வாங்குகிற என்ஜினியர் நீதான், கண்டுபிடி.

இதெல்லாம் விளக்கம். காரணம் வேறு, அதை இனிமேல்தான் சொல்லப் போகிறேன். நீ கைப்பிள்ளையாக இருந்தபோது நடந்தது. உன் அப்பா சுருக்கமாகச் சொல்லியிருப்பார், அவர் எதையும் சுருக்கமாகத்தான் சொல்லுவார். பெயின்ட் பிரிவில் பாகங்களைத் தொங்கவிட்டுச் சூடேற்றுகிற நீளமான அடுப்பறை இருக்கிறதே, அதன் உள்ளே சங்கிலி அறுந்துவிட்டது. உன் அப்பா மெயின் சுவிட்சை அணைத்து, பூட்டு மாட்டி, சீட்டுத் தொங்கவிட்டு, உள்ளே ஊர்ந்து போனார். உற்பத்தி தாமதமாகிறது என்று ஒரு அதிகாரி வந்தார். கதவு வழியாக எட்டிப் பார்த்தார். இருட்டு, சத்தம் இல்லை, வெளியே ஒரு ஸ்பேனர்கூட இல்லை. "உள்ளே யாரும் இல்லையேப்பா, பூட்டை உடைச்சிட்டு ஆன் பண்ணு" என்று ஆபரேட்டர் மாதப்பனிடம் சொன்னார். மாதப்பனுக்கும் உள்ளே யாரும் கண்ணில் படவில்லை. அவர் சொன்னது இவ்வளவுதான்: "சீட்டு தொங்குது சார். கட்டுனவரு வந்து அவுக்கட்டும். அதுவரைக்கும் நான் தொட மாட்டேன்." அதிகாரி கத்தினார், மாதப்பன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்து உன் அப்பா அடுத்த முனையிலிருந்து கரி பூசிக்கொண்டு வெளியே வந்தார். அன்று சாயங்காலம் மாதப்பன் வீட்டுக்கு நான் உன்னைத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாது, அழுதுகொண்டே இருந்தேன். இன்றைக்கும் வருஷப் பிறப்புக்கு நம் வீட்டிலிருந்து அவர் வீட்டுக்குத்தான் முதல் இனிப்பு போகிறது, காரணம் உனக்குத் தெரியும்.

உனக்கு இன்னொன்றும் ஞாபகம் இருக்கிறதா என்று தெரியவில்லை. ஒரு குடும்ப நாள் விழாவில், பட்டுப்போன கல்யாண முருங்கையில் நீ காதை வைத்துக்கொண்டு வரவே மாட்டேன் என்று நின்றாய். "அம்மா, உள்ள யாரோ முறுக்கு திங்கறாங்கம்மா" என்றாய். நானும் காதை வைத்தேன். கறுக் கறுக் என்று புழு மரத்தைக் கடிக்கிற சத்தம், நடுவில் கருவண்டு ரீங்கரிக்கிற சத்தம். வெளியே பார்த்தால் ஒன்றுமே தெரியாது. அந்த மரத்தைத்தான் பிறகு நாங்கள் பூஜைக்காகக் கொளுத்தினோம். அதில் உன் அப்பா கட்டிய மாதிரி ஒரு சீட்டைக் கட்ட யாரும் இல்லை.

நாளைக்குக் காலையில் ஷிப்ட் தொடங்குவதற்கு முன்னால் காட்டுக்குப் போ. ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள், அந்த மூன்று குல்மோகரிலும் ஒவ்வொன்றாகக் காதை வை. பிறகு உன் சிவப்புச் சீட்டை அவிழ்த்துவிட்டு, பராமரிப்புப் பிரிவு அலமாரியில் இருக்கிற இன்னொரு சீட்டை, உன் அப்பா அன்றைக்கு மாட்டியதை, எடுத்து வந்து கட்டு. அதில் என்ன அச்சடித்திருக்கிறது என்று உனக்குத் தெரியும். நீ கேட்ட ரெண்டு வரி அதுதான்:

ஆள் உள்ளே வேலை செய்கிறார்.
கட்டியவர் வந்து அவிழ்க்கும் வரை யாரும் தொடக் கூடாது.

இப்படிக்கு,
அம்மா